இயலாளரா, அறிஞரா, நிபுணரா? ஒரு துறையைப் படித்தவருக்கு நாம் வைக்கும் பெயர்கள்

தொலைக்காட்சி விவாதங்களில் பேசுபவரின் பெயருக்குக் கீழே ஒரு வரி போடுவார்கள், கவனித்திருப்பீர்கள். பொருளாதாரம் படித்து அதையே வாழ்நாள் வேலையாகச் செய்கிற ஒருவரை ஒரு சேனல் 'பொருளாதார நிபுணர்' என்று போடும், மறுநாள் பத்திரிகை அவரையே 'பொருளாதார வல்லுநர்' என்று எழுதும், இலங்கைப் பத்திரிகையில் அவர் 'பொருளியலாளர்', உள்ளூர்க் கல்லூரி விழா அழைப்பிதழில் 'பொருளாதார மேதை'. ஆளும் ஒருவர்தான், வேலையும் ஒன்றுதான். ஆனால் இந்த நான்கு பெயர்களும் ஒன்றையே சொல்லவில்லை. 'பொருளியலாளர்' என்பது அவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறது. மற்ற மூன்றும் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்கின்றன. தமிழில் ஒரு துறையைப் படிப்பவருக்குப் பெயர் வைப்பதில் இருக்கிற சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. வேலையின் பெயரையும் மரியாதையின் அளவையும் நாம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், அதனால் முதலில் அடிபடுவது இளம் ஆய்வாளர்கள். விலங்கியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற 26 வயதுப் பெண் தன்னை 'விலங்கியல் அறிஞர்' என்று சொல்லிக்கொள்ளக் கூசுவார், 'விலங்கியல் நிபுணர்' என்றாலும் கொஞ்சம் அதிகப்படி. கடைசியில் 'நான் ஸுவாலஜி பண்றேன்' என்று சொல்லி முடித்துவிடுவார். 'விலங்கியலாளர்' என்று ஒரு சொல் இருக்கிறது, அது அவருக்கு முழுக்கப் பொருந்தும். யாரும் அதை அவர் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. இங்கிலாந்தில் 1830கள் வரை இயற்கையை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பொதுப் பெயரே கிடையாது. 'இயற்கைத் தத்துவவாதி' என்பார்கள், 'அறிவியல் மனிதர்' என்பார்கள். பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதன் கூட்டங்களில், நம்மையெல்லாம் சேர்த்து என்னவென்று அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. 'தத்துவவாதி' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அது உங்களுக்கு மிகப் பெரிய சொல் என்று கவிஞர் கோல்ரிட்ஜ் தடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய சொல்லில் அகந்தை தெரிகிறது என்று அதையும் தள்ளினார்கள். ஓவியக் கலையில் இருப்பவரை 'ஆர்ட்டிஸ்ட்' என்பதுபோல 'சயின்டிஸ்ட்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று அங்கே ஒருவர் சொன்னார். அவர் வில்லியம் ஹூவெல். மேரி சோமர்வில் எழுதிய அறிவியல் நூலுக்கு 1834-ல் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரையில் இந்தக் கதையை அவரே பதிவு செய்தார், சொல் யாருக்கும் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். 1840-ல் மறுபடியும் முன்வைத்தார், கூடவே 'பிசிசிஸ்ட்' என்ற சொல்லையும் சேர்த்தார். 'பிசிசியன்' என்று ஏற்கெனவே மருத்துவரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் இயற்பியல் செய்பவருக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. மின்பகுப்பில் வரும் ஆனோடு, கேத்தோடு, அயனி போன்ற பெயர்களுக்கு இதே ஹூவெல்லிடம் யோசனை கேட்டு வாங்கிய மைக்கேல் ஃபாரடே, 'பிசிசிஸ்ட்' மட்டும் வாயில் நுழையவில்லை என்று ஒதுக்கினார். 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லைத் தங்கள்மேல் ஒட்டிக்கொள்ள விரும்பாத பெரிய ஆய்வாளர்கள் அந்த நூற்றாண்டு முடியும்வரை இருந்தார்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் எந்த இடத்தைப் பிடித்தது என்பதை. 'தத்துவவாதி' மிக உயரம், பிரெஞ்சுச் சொல் மிகப் பெருமிதம், ஆகவே உயரமும் பெருமிதமும் இல்லாத, வேலையை மட்டும் சொல்லும் ஒரு சொல்லைத் தேடினார்கள். இன்று முதல் நாள் ஆய்வகத்துக்குப் போகிறவரும் நோபல் பரிசு வாங்கியவரும் ஆங்கிலத்தில் ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

நம் பக்கம் பழைய காலத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால், ஆச்சரியமாக, வேலையைச் சொல்லும் பெயர்கள்தான் நிறைய இருந்திருக்கின்றன. சங்கப் புலவர் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: கணியன் பூங்குன்றனார், மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார். கணியன் என்றால் கோள்களையும் நாளையும் கணித்துச் சொல்பவன், கணக்காயன் என்றால் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பவன். சிலப்பதிகாரத்தில் அரசனோடு இருக்கிற 'பெருங்கணி' வருகிறான். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் காற்று வீசும் திசையையும் வெற்று வானத்தையும் நேரில் போய் அளந்து பார்த்தவர்கள்போல 'இது இவ்வளவு' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். வானத்தை அளப்பவர்கள் ஒரு கூட்டமாகத் தெரிந்திருக்கிறார்கள், புலவர் அவர்களைச் செயலாலேயே குறிப்பிடுகிறார்.

இன்னும் நெருக்கமான ஒரு சான்று காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதி. அந்தக் கோயிலைச் சேர்ந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், யார் யார் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி என்று அது சொல்கிறது. ஒரு வைத்தியர், 'சல்லியக்கிரியை பண்ணுவான்' ஒருவன், மூலிகை கொண்டுவந்து மருந்து செய்பவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், ஒரு நாவிதன். அறுவை செய்கிறவருக்கு அங்கே பட்டப்பெயரோ அடைமொழியோ இல்லை, செய்கிற வேலையையே பெயராக வைத்துச் சம்பளக் கணக்கில் எழுதிவிட்டார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், அதனால் பெயரும் தெளிவாக இருக்கிறது.

அப்புறம் எப்போது மரியாதைச் சொற்கள் மேலே வந்தன? புலவர், பண்டிதர், வித்துவான், சாஸ்திரி என்ற வரிசை நெடுங்காலமாக இருந்தது. அவை எல்லாமே கல்வி நிறைந்தவர் என்ற தகுதியைச் சொல்பவை, எதில் கல்வி என்பதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. மேற்கத்திய அறிவியல் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து இங்கே வந்தபோதுதான் தேவை வந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-ல் வந்திறங்கிய சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக் கொடுத்து, 1860களில் அந்தப் படிப்பையே தமிழில் நடத்தினார். அவர் கொண்டுவந்த தமிழ் மருத்துவ நூல்களில் அறுவை மருத்துவத்துக்குப் பெயர் 'இரண வைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் துறைவாரியாகச் சொற்பட்டியல்கள் தயாரித்தது. இந்த முயற்சிகளில் எல்லாம் பொருளுக்கும் துறைக்கும்தான் முதல் கவனம் போனது, அது நியாயமும்கூட. ஆக்சிஜனுக்கும் அமிலத்துக்கும் பெயர் இல்லாமல் பாடம் நடத்த முடியாது. அந்தத் துறையில் வேலை செய்கிற ஆளுக்கு என்ன பெயர் என்பதை எழுதுகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள், இன்றுவரை அது அப்படியேதான் கிடக்கிறது.

துறைப் பெயர்களில் ஒரு பெரிய நல்லது நடந்தது. 'சாஸ்திரம்', 'நூல்' என்ற பழைய முடிவுகள் மெல்ல விலகி 'இயல்' நிலைத்தது. பௌதிகம் இயற்பியல் ஆனது, ரசாயனம் வேதியியல் ஆனது. இந்த 'இயல்' புதிதாகச் செய்த சொல் கிடையாது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உண்டு, அதில் ஒன்றின் பெயர் பொருளியல், இன்னொன்றின் பெயர் மரபியல். இன்றைக்குப் பொருளியல் என்றால் பதினோராம் வகுப்புப் பாடநூல், விலையும் வரியும் சந்தையும். மரபியல் என்றால் டி.என்.ஏ. தொல்காப்பிய மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று எந்த உயிரின் குஞ்சுக்கு எந்தப் பெயர் வரும் என்ற கணக்கு இருக்கிறது, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்து அடுக்கும் பகுதியும் அங்கேதான். நூலின் ஒரு பகுதிக்கு இருந்த பெயர் ஒரு முழுத் துறைக்குப் பெயராக வளர்ந்தது, கேட்பதற்கும் இயல்பாக இருக்கிறது.

'இயல்' வந்ததும் ஆளின் பெயரும் தானாகவே வந்திருக்க வேண்டும். எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர் என்று 'ஆளர்' நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது. தாவரவியல் என்றால் தாவரவியலாளர், மொழியியல் என்றால் மொழியியலாளர், சமூகவியல் என்றால் சமூகவியலாளர். சிலர் சுருக்கி 'இயற்பியலர்', 'வானியலர்' என்று எழுதுகிறார்கள், அதுவும் சரிதான், எனக்கு 'ஆளர்' காதுக்குப் பழகிப்போனதால் அதையே எழுதுகிறேன். இந்த முடிவில் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. 'அறிவியல் மனிதர்' என்று ஆங்கிலத்தில் ஆண்பாலில் சொல்லிக்கொண்டிருந்த காலத்துச் சங்கடம் நம்மைத் தொடவே தொடாது, நாமாகப் போய் 'பெண் விஞ்ஞானி' என்று முன்னால் ஒட்டாமல் இருந்தால். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்று, கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்து, 1945-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக்கிய ஜானகி அம்மாளைத் தாவரவியலாளர் என்றும் உயிரணு மரபியலாளர் என்றும் சொன்னாலே அவர் செய்தது என்ன என்று பாதி தெரிந்துவிடுகிறது.

ஆனால் பத்திரிகைகளும் மேடைகளும் இந்த வழியில் போகவில்லை. அறிஞர், வல்லுநர், நிபுணர், மேதை, விஞ்ஞானி என்ற ஐந்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், கூடவே ஆய்வாளர், ஆசிரியர், வாதி என்று வேறு சில. ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

'ஆய்வாளர்' நல்ல சொல், ஆனால் அரசு அதை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்துவிட்டது. காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர். 'ஆய்வாளர் வந்தார்' என்று செய்தியில் எழுதினால் படிக்கிறவருக்கு ஆய்வகக் கோட்டு நினைவுக்கு வராது, காக்கிச் சட்டைதான் வரும். 'ஆசிரியர்' வரலாற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது: வரலாற்றாசிரியர். பள்ளியில் வரலாறு நடத்துகிறவர் வரலாற்று ஆசிரியர். ஓர் இடைவெளிதான் வித்தியாசம், பேச்சில் அதுவும் இல்லை. 'வரலாற்றாய்வாளர்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தைத் தாண்டத்தான் அப்படி எழுதுகிறார்கள். 'வாதி' என்றால் ஒரு கொள்கைக்காக வாதாடுகிறவர். அதனால் 'தத்துவவாதி' கொஞ்சம் இடறுகிறது, இலங்கையில் சொல்கிற 'மெய்யியலாளர்' சுத்தமாக இருக்கிறது. அரசியலில் இது இன்னும் மோசம். அரசியலைத் தொழிலாகச் செய்பவர் அரசியல்வாதி. அதை ஒரு துறையாகப் படித்து, தேர்தல் தரவுகளையும் அரசமைப்பையும் ஆராய்கிறவருக்கு நிலையான பெயரே இல்லை, 'அரசியல் அறிவியலாளர்' என்று நீட்டி எழுத வேண்டும். அந்த வெற்றிடத்தில் 'அரசியல் விமர்சகர்' என்ற பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது, ஆய்வு செய்தவரும் செய்யாதவரும் ஒரே பெயரில் திரையில் தெரிகிறார்கள். பார்க்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்?

'விஞ்ஞானி' என்ற சொல்லின்மேல் மக்களுக்கு நிஜமான அன்பு இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் அது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அப்துல் கலாமை 'அணு விஞ்ஞானி' என்று எத்தனை பேச்சுப் போட்டி மேடைகளில் கேட்டிருப்போம். அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். ராக்கெட்டும் ஏவுகணையும் அவர் வேலை, அணுக்கரு இயற்பியல் அவர் துறை கிடையாது. அவர் ஒரு பொறியாளர் என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறோம், அதனால் மாணவர்களுக்குத் தப்பான தகவல் போகிறது, பொறியியல் என்ற வேலையின் பெருமையும் மறைகிறது. எம்.எஸ். சுவாமிநாதனை 'வேளாண் விஞ்ஞானி' என்கிறோம், சரிதான், ஆனால் அவர் பயிற்சியால் மரபியலாளர், கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கு இனங்களின் மரபியலில் ஆய்வு செய்து 1952-ல் பட்டம் வாங்கியவர். கோதுமையிலும் நெல்லிலும் அவர் செய்ததற்கு அடிப்படை அதுதான். 'மரபியலாளர்' என்று ஒரு தடவை எழுதினால், பசுமைப் புரட்சி எந்த அறிவிலிருந்து வந்தது என்பது பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குப் புரியும்.

'மேதை' பற்றியும் சொல்லியாக வேண்டும். கணிதம் என்றால் நமக்கு மேதைதான், 'கணித மேதை ராமானுஜன்'. அவர் மேதைதான், மறுப்பே இல்லை. ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொண்டார் தெரியுமா? சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் எழுத்தர் என்று. தேற்றங்கள் கூடவே இருந்தன, ஆனால் தன்னைக் கணிதவியலாளர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இடம் இல்லை. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த பிறகுதான் கணிதமே அவருக்கு வேலையானது. எழுத்தர், அதற்கு அடுத்தது மேதை, நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு சமூகத்தில் கணிதம் செய்கிறவருக்கு இந்த இரண்டு படிகள் மட்டும் இருந்தால், நன்றாகக் கணிதம் செய்கிற ஆயிரக்கணக்கான பேர் எங்கே நிற்பது? சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்திலும் இன்று ஆய்வு செய்கிற இளைஞர்கள் எல்லாரும் கணிதவியலாளர்கள்தான், இப்போதே, மேதை என்று யாரும் சொல்வதற்கு முன்பே.

சில இடங்களில் பெயர் குழம்பினால் வெறும் மொழிக் குறையோடு போய்விடாது, ஆளுக்கே கேடு. உளவியலாளரும் மனநல மருத்துவரும் வேறு வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் உளவியல் படித்தவர், மருத்துவ உளவியலாளர் என்றால் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். இவர்கள் இருவரையும், ஆறு மாத டிப்ளமோ படித்த ஆலோசகரையும் சேர்த்து 'மனநல நிபுணர்' என்று ஒரே பெயரில் எழுதினால், ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கிற பையனை அழைத்துக்கொண்டு அவன் அம்மா எந்தக் கதவைத் தட்டுவார்? இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது 'நிபுணர்' என்ற சொல்லை ஊடகங்கள் கைவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

'புவியியலாளர்' இன்னொரு குழப்பம். பள்ளிச் சமூக அறிவியல் புத்தகத்தில் புவியியல் என்றால் நாடும் மழையும் மண்ணும் மக்கள்தொகையும். தமிழ்நாடு அரசின் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'யில் புவியியல் என்றால் பாறையும் கனிமமும். ஒரே மாநிலத்தில், ஒரே அரசில், ஒரே சொல்லுக்கு இரண்டு துறைகள். இலங்கையில் இதைப் பிரித்துவைத்தார்கள்: அங்கே பாறைகளின் படிப்பு புவிச்சரிதவியல். இங்கே சிலர் நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் எழுதுகிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறதே, 18 மீட்டர் நீளம், அதை 1940-ல் உலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் பாறைகளைப் படித்தவர், நிலவியலாளர். அவரைப் புவியியலாளர் என்று எழுதினால் வரைபடம் வரைபவர் என்று ஒரு மாணவர் நினைப்பதில் தப்பே இல்லை. அதே அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் கிடைக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்களை ஆராய்கிறவர் தொல்லுயிரியலாளர், கீழடியில் குழி வெட்டுகிறவர் தொல்லியலாளர். செய்திகளில் இருவரும் 'தொல்லியல் நிபுணர்' ஆகிவிடுகிறார்கள், இடையில் இருக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமல் போகின்றன.

இலங்கைத் தமிழைப் பல இடத்தில் எடுத்துக்காட்டக் காரணம் இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் பள்ளிப் படிப்பும், கலைத்துறைகளில் பல்கலைக்கழகப் படிப்பும் தமிழிலேயே நடந்தன. அதனால் பொறியியலாளர், பொருளியலாளர், சமூகவியலாளர், மெய்யியலாளர் என்று 'இயலாளர்' வரிசை பேச்சிலும் வருகிறது. அங்கே டாக்டரை இன்றும் வைத்தியர் என்கிறார்கள், இங்கே வைத்தியர் என்றால் சித்த மருத்துவரோ நாட்டு மருத்துவரோதான். ஒரு துறையைத் தமிழில் நடத்தினால், அந்தத் துறைக்காரரின் பெயரும் அன்றாடச் சொல்லாகிவிடும். தமிழ்நாட்டில் உயர்கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது, அதனால் வகுப்பறைக்குள் அந்தப் பெயருக்குத் தேவையே வருவதில்லை, வெளியே செய்தி எழுதும்போதும் பாராட்டு விழாவிலும் மட்டும் வருகிறது. பாராட்டு விழாவில் வருகிற சொல் பாராட்டாகத்தானே இருக்கும்.

கல்வெட்டுத் துறையில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று தெரியும். கோயில் சுவரில் ஒரு கல்வெட்டைப் படி எடுக்க வேண்டுமானால் முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும், எழுத்துப் பள்ளங்களில் அடைந்திருக்கும் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க வேண்டும். பிறகு நனைத்த காகிதத்தை ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் அடித்து அடித்து ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் காகிதம் இறங்கும்படி செய்வார்கள். அதன்மேல் மை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். வெயிலில் காகிதம் சீக்கிரம் காய்ந்தால் சுருண்டுவிடும், காற்று அடித்தால் கிழியும். உத்தரத்துக்கு மேலே எழுத்து இருந்தால் சாரம் கட்டி ஏற வேண்டும். இதைச் செய்துவிட்டு, உட்கார்ந்து எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் குறித்து, வரியை வாசித்து, விட்டுப்போன இடத்தை அடைப்புக்குறி போட்டுப் பதிப்பிக்க வேண்டும். ஐராவதம் மகாதேவனைக் 'கல்வெட்டு அறிஞர்' என்று எல்லாரும் சொல்வோம், ஐ.ஏ.எஸ். வேலையோடு தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை அறுபதுகள் முதல் குகை குகையாக ஏறிப் படித்தவருக்கு அது பொருந்தும். ஆனால் நேற்று வேலையில் சேர்ந்து சாரத்தின்மேல் நிற்கிற இளைஞரும் கல்வெட்டியலாளர்தான். அறிஞர் ஆவது காலம் கொடுக்க வேண்டியது, கல்வெட்டியலாளர் ஆவது அன்றைக்குச் செய்த வேலையால் வருவது.

அதேபோல உ.வே. சாமிநாதையரை 'தமிழ்த் தாத்தா' என்று சொல்லிச் சொல்லி, அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் 'ஓலைச்சுவடி தேடினார்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தேடியது வேலையின் முதல் பாதி. ஒரே நூலின் பல சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, எது மூலப் பாடம், எது ஏடு எழுதினவன் கைப்பிழை, எது பாட்டு, எது உரை என்று பிரித்து 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அதற்குப் பெயர் சுவடியியல், பாட ஆய்வு. உலகெங்கும் அது கடினமான ஒரு துறை. அவரைச் சுவடியியலாளர் என்று ஒருமுறை சொன்னால், அந்தத் துறையில் இன்று வேலை செய்கிற சில பேருக்கும் தாங்கள் யாருடைய வழியில் வருகிறோம் என்று காட்ட முடியும்.

சரி, பட்டமே இல்லாமல் ஒரு துறையை முழுக்க அறிந்தவர்களை என்ன சொல்வது? மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்துத் துணியால் வாய்கட்டி, விஷம் எடுத்த பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. வளை வாயில் இருக்கும் தடம், உதிர்ந்த சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்தே உள்ளே என்ன பாம்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 2017 தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன, அங்குள்ள ஆய்வாளர்களுக்கு அவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இவர்கள் போன சில நாட்களிலேயே பத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு.

2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பட்டியலில் 'அறிவியல் மற்றும் பொறியியல்' என்று ஒரு பிரிவு உண்டு. இவர்கள் பெயர் அதில் இல்லை, 'சமூக சேவை' பிரிவில் இருந்தது. தமிழ்ச் செய்திகள் 'பாம்பு பிடிப்பவர்கள்' என்று எழுதின. ஊர்வனவியலாளர் என்ற பெயர், துறையைப் பாடமாகப் படித்து, அளந்து, கட்டுரை எழுதி வெளியிடுகிறவருக்கு உரியது, அதை இவர்களுக்குக் கொடுத்தால் இவர்கள் அறிவு எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். 'அறிஞர்' என்ற சொல்லை நாம் வைக்க வேண்டிய இடம் இதுதான். கல்லூரி வாசலையே மிதிக்காமல் ஒரு வளையைப் பார்த்து உள்ளே கிடப்பதைச் சொல்லத் தெரிந்தவருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது: பாம்பறிஞர் மாசி சடையன், பாம்பறிஞர் வடிவேல் கோபால்.